அளவறிந்து உண்ணும் மருந்து

நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் ஆராய்ந்தே மருத்துவன் செயற்பட வேண்டும் என்பது 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் கூறும் நெறி. சிரைகளில் ஏற்படும் இரத்தக்கட்டிக்கு வழங்கப்பெறும் உறைவெதிர்ப்பு மாத்திரைகளில் இந்நெறியின் இன்றியமையாமையை நாம் தெளிவாகக் காணலாம்.

காலின் ஆழத்திலுள்ள சிரையில் இரத்தம் உறைந்தால், பெரும்பாலும் ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் தோன்றும். அறுவை மருத்துவம், நெடுநாள் படுக்கை, மகப்பேறு, புற்றுநோய் ஆகியவற்றை ஒட்டி இது நேரலாம். கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஊறு விளையும். 'இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை' என்பது உலக வழக்கே. உண்மையில் இரத்தம் நீர்ப்பதில்லை, உறையும் ஆற்றலே குறைகிறது. மாத்திரை கட்டியை நேரே கரைப்பதுமில்லை. அது மேலும் வளராமல் தடுக்க, உடலே அதனை மெல்லக் கரைக்கிறது.

இம்மருந்தின் வரலாறு வியப்புக்குரியது. 1920களில் வட அமெரிக்காவில், கெட்டுப்போன இனிப்புக் குளோவர்த் தீவனம் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து மடிந்தன. அதற்குக் காரணமான பொருளை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் குழுவினர் கண்டறிந்தனர். அவ்வாய்வின் வழிவந்த வார்ஃபரின், 1948இல் எலி நஞ்சாக விற்பனைக்கு வந்து, 1954இல் மனிதர்க்கு மருந்தாயிற்று.

வார்ஃபரின் மெல்லவே செயற்படும். ஆதலின், தொடக்கத்தில் குறைந்தது 5 நாள் ஹெப்பாரின் ஊசியும் உடன் தரப்பெறும். ஐ.என்.ஆர். என்னும் இரத்தச் சோதனை அளவு பொதுவாக 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் கட்டி வளரும், மிகுந்தால் இரத்தம் கசியும். கீரையிலுள்ள வைட்டமின் கே இதன் ஆற்றலைக் குறைக்கும். அதற்காகக் கீரையை விலக்க வேண்டுவதில்லை. உண்ணும் அளவு ஒரு சீராக இருந்தால் போதும்.

ரிவராக்சபான், அபிக்சபான் ஆகிய புதிய மாத்திரைகளுக்கு இச்சோதனை வழக்கமாகத் தேவையில்லை. எனினும் அளவும் காலமும் இவற்றிலும் உண்டு. ரிவராக்சபான் பொதுவாக முதல் 21 நாள் 15 மில்லிகிராம் வீதம் இருவேளையும், பின்னர் 20 மில்லிகிராம் ஒருவேளையும் உணவுடன் உண்ணப்பெறும். செயற்கை உலோக இதய வால்வு பொருத்தியோர்க்கு இப்புதியவை ஆகா. கருவுற்ற மகளிர்க்குச் சிரைக்கட்டி கண்டால், மாத்திரைகளை விடுத்து ஹெப்பாரின் வகை ஊசியே வழங்குவர். சிறுநீரகம் நலிந்தோர்க்கு மருந்தும் அளவும் மாறலாம். ஆகவே ஒருவர்க்கு எழுதிய சீட்டு மற்றவர்க்குப் பொருந்தாது.

வீக்கம் வடிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவதே நம்மவர் செய்யும் பெரும்பிழை. மருத்துவம் பொதுவாகக் குறைந்தது 3 மாதம் தொடர வேண்டும். காரணம் புலப்படாத கட்டிக்கும் புற்றுநோயாளிகளுக்கும் அது மேலும் நீளலாம். நோன்பிருப்போர் மாத்திரை வேளைகளை முன்னதாகவே மருத்துவரிடம் கேட்டு அமைத்துக்கொள்ளுதல் நலம். வலிநீக்கி மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும் அவரைக் கேளாமல் சேர்த்தல் ஆகாது. பல் பிடுங்குமுன்னும் இம்மருந்து உண்பதைத் தெரிவித்தல் வேண்டும். கருநிற மலம், சிவந்த சிறுநீர், தலையில் அடி ஆகியன நேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அளவு தவறின் நஞ்சாவது, அளவறிந்தால் உயிர் காக்கிறது. அவ்வளவை வகுப்பது மருத்துவர் கடன். வழுவாது காப்பது நம் கடன்.