சிக்னல் இல்லாத பிளாக்கிலும் குலைக் கணக்கு தப்பக்கூடாது

கணினித் துறை மாணவர்கள் ஒரு செயலியைத் திட்டமிடும்போது முதலில் எதை வரைகிறார்கள்? சர்வர், தரவுத்தளம், திரை. அதற்கு முன்பே தாளில் ஏற வேண்டியவை, நம்மால் மாற்ற முடியாத வெளிக் கட்டுப்பாடுகள்.

நெகிரி செம்பிலானில், பகாவ் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றுக்கு, மண்டோர் கைப்பேசியில் குலைகளை எண்ணிப் பதியும் செயலி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் கூடித் தரம் இறங்கும். சிக்னல் வரட்டும் என்று லோரி காத்திருக்காது. ஆகவே பதிவு முதலில் கைப்பேசியிலேயே சேமிக்கப்பட வேண்டும்; சிக்னல் கிடைத்ததும் சர்வருக்குப் போகலாம். ஒவ்வொரு பதிவுக்கும் கைப்பேசியே தனி எண் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால், பாதியில் அறுந்ததை மறுபடி அனுப்பும்போது 80 குலை 160 ஆகிவிடும். பதிவே தொலைந்தாலோ, தொலைவது வெட்டியவரின் கூலி. ‘இணையம் இல்லாத நேரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தொடங்கினால், பெரும்பாலும் முழுச் செயலியையும் திருப்பி எழுத வேண்டிவரும்.

அடுத்தது சட்டம். குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதம் 1,500 ரிங்கிட் ஆனது. 2025 பிப்ரவரியில் 1,700. குலைக் கணக்கில் கூலி வாங்குபவருக்கும் மாதச் சம்பளம் இதற்குக் கீழே போகக்கூடாது. இந்தத் தொகையை நிரலுக்குள் புதைக்காமல், அமலுக்கு வரும் தேதியோடு தனி அட்டவணையில் வையுங்கள். பழைய மாதக் கணக்கைத் திறந்தால் அந்த மாதத் தொகைதான் வர வேண்டும்.

கடல் தாண்டியும் கட்டுப்பாடு வரும். செம்பனை எண்ணெய் எந்த நிலத்தில் விளைந்தது என்று காட்டச் சொல்லும் காடழிப்பு விதிமுறையை ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றியது. 4 ஹெக்டருக்கு மேற்பட்ட நிலமானால் அதன் எல்லைக்கோடே வேண்டும். அமலாகும் தேதி இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது. அதற்காக எல்லை வரையும் திரையை இன்றே கட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு பதிவிலும் பிளாக் எண்ணைக் கட்டாயமாக்குங்கள், போதும். எல்லையைப் பின்னர் அந்த எண்ணோடு இணைக்கலாம். பிளாக் எண் இல்லாமல் ஈராண்டு சேர்ந்த பதிவுகளை வைத்து யார் என்ன செய்ய முடியும்?

இவற்றையெல்லாம் வகுப்பறையில் ஊகிக்க வேண்டாம். தோட்டத்துக் கிராணியைக் கேளுங்கள்: பெரட்டு எத்தனை மணிக்கு, எந்த பிளாக்கில் சிக்னல் இல்லை, மழையில் யார் பதிவு செய்வார்? வெட்டுபவர் தமிழோ மலாயோ படிக்கத் தெரியாத வங்காளதேசியாக இருந்தால், தன் கணக்கைத் திரையில் எப்படிச் சரிபார்ப்பார் என்பதையும் கேட்டு வாருங்கள்.