புதையலுக்கு வழி காட்டும் பூதம்!

பெரிய பாலம். அதன் அடியில் தரையைப் பிளந்துகொண்டு ஒரு பூதம் எழுந்து நிற்கிறது. உயரம் 18 அடி. ஒரு கண் பளபளக்கிறது. அதன் கை ஒரு காரைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருக்கிறது!

பயப்பட வேண்டாம். பூதம் சிமெண்டால் ஆனது. ஆனால் கார் இருக்கிறதே, அது நிஜமான வோக்ஸ்வாகன் கார்!

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் பிரீமான்ட் என்று ஒரு பேட்டை இருக்கிறது. "பிரபஞ்சத்தின் நடு மையம் எங்கள் பேட்டைதான்" என்று அங்கே உள்ளவர்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார்கள். அதற்குக் கைகாட்டி மரமும் நட்டு வைத்திருக்கிறார்கள்! பாலத்தின் அடியில் முன்பு குப்பை குவிந்து கிடந்தது. அதை ஒழிக்க வழி தேடிப் போட்டி வைத்தார்கள். 1990-ல் பூதம் வந்தது. இப்போது குழந்தைகள் அதன் தோளில் ஏறி விளையாடுகிறார்கள்.

சிலர் மட்டும் விளையாடுவதில்லை. பூதத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். எதையோ எண்ணுகிறார்கள், தாளில் குறிக்கிறார்கள். அவர்கள் புதையல் தேடுகிறவர்கள்!

வாளியில் தொடங்கிய விளையாட்டு

பூமிப் படத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் போட்டிருப்பார்கள் அல்லவா? அந்தக் கோடுகளின் கணக்கைச் சொன்னால், உலகத்தில் எந்த இடத்தையும் கண்டுபிடித்துவிடலாம். வானத்தில் சுற்றும் செயற்கைக் கோள்கள் இதற்கு உதவுகின்றன. ஆனால் அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கு வரும் சைகையை வேண்டுமென்றே குழப்பி வைத்திருந்தது. இடம் 300 அடி வரை தவறிப் போகும்.

2000-ம் ஆண்டு மே மாதம் அந்தக் குழப்பம் நீக்கப்பட்டது. உடனே டேவ் உல்மர் என்பவருக்கு ஒரு யோசனை தோன்றியது. மே 3-ந் தேதி ஆரிகன் மாநிலத்தில் ஒரு காட்டுப் பகுதிக்குப் போனார். ஒரு கறுப்பு வாளியில் புத்தகம், கவண், ஒரு டின் அவரை எல்லாம் போட்டு ஒளித்து வைத்தார். இடத்தின் கணக்கை மட்டும் வெளியிட்டார். சில நாட்களில் ஆட்கள் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள்!

இதற்கு 'ஜியோகேச்சிங்' என்று பெயர். இன்று உலகம் முழுவதும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் ஒளிந்திருக்கின்றன. இந்த விளையாட்டை நடத்தும் கம்பெனியின் தலைமை அலுவலகம் வேறு எங்கும் இல்லை. பூதம் இருக்கும் பிரீமான்டில்தான் இருக்கிறது!

நாயா, மனிதனா?

இங்கே புதையலின் கணக்கை நேராகச் சொல்லிவிட்டால் சுவை ஏது? அதனால் சிலைகளுக்குள் கணக்கை ஒளித்து வைக்கலாம்.

பேட்டையின் தெற்கே, கால்வாய்ப் பாலத்தின் அருகில், அலுமினியச் சிலைகள் ரயிலுக்குக் காத்து நிற்கின்றன. ரிச்சர்ட் பேயர் என்ற சிற்பி 1978-ல் செய்தது. அந்த ரயில் 1939-லேயே நின்றுபோய்விட்டது. பாவம், இன்னும் காத்திருக்கிறார்கள்! ஊர்க்காரர்கள் பிறந்த நாள், கல்யாணம் என்றால் இந்தச் சிலைகளுக்குச் சட்டையும் தொப்பியும் போட்டு விடுவார்கள்.

"எத்தனை பேர் நிற்கிறார்கள்?" என்று சீட்டில் கேள்வி இருந்தால் என்ன எழுதுவீர்கள்? 6 பேர். சரி, காலடியில் இருக்கும் நாய்? குனிந்து பாருங்கள். நாயின் முகம் மனித முகம்! பேட்டையின் கௌரவ மேயரோடு சிற்பிக்குச் சண்டை. அதனால் அவர் முகத்தை நாய்க்கு வைத்துவிட்டார் என்று சொல்வார்கள்.

6 என்று எழுதுவதா, 7 என்று எழுதுவதா? இது சின்ன விஷயம் அல்ல. வடக்கு தெற்குக் கணக்கில் கடைசி எண் ஒன்று பிசகினால் 6 அடி தள்ளிப் போவீர்கள். அதற்கு முந்தின எண் பிசகினால் 60 அடி. அதற்கும் முந்தினது என்றால் 600 அடி. புதையலுக்குப் பதில் கால்வாய்த் தண்ணீரில் நிற்க வேண்டியதுதான்!

காயலான் கடையில் லெனின்

இன்னும் சில தெரு தள்ளிப் போனால் லெனின் நிற்கிறார். ஆம், ரஷ்யப் புரட்சித் தலைவர் லெனினேதான்! 16 அடி உயர வெண்கலச் சிலை. எடை 7 டன்.

இது செக்கோஸ்லோவாகியாவில் போப்ராட் என்ற ஊரில் 1988-ல் வைத்த சிலை. மறு ஆண்டே அங்கே கம்யூனிஸ்டு ஆட்சி கவிழ்ந்தது. சிலையை இறக்கிக் காயலான் கடையில் போட்டுவிட்டார்கள். அந்த ஊரில் ஆங்கிலம் கற்றுக்கொடுத்த லூயிஸ் கார்ப்பெண்டர் என்ற அமெரிக்கர் அதைப் பார்த்தார். நல்ல சிற்பம் உருகிப் போவதா என்று மனம் கேட்கவில்லை. 13,000 டாலருக்கு வாங்கினார். சொந்த வீட்டை அடமானம் வைத்துக் கப்பலில் கொண்டுவந்தார்.

1994-ல் கார் விபத்தில் அவர் இறந்துபோனார். சிலை பிரீமான்டில் எழுந்தது 1995-ல். அவர் அதைப் பார்க்கவில்லை.

சிலையைச் சிலர் வெறுக்கிறார்கள். அதன் கைகளில் ரத்தம்போல் சிவப்புச் சாயம் பூசிவிட்டுப் போகிறார்கள். எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு ஓட நினைக்கும் அப்பா, "இவர் யார், கை ஏன் சிவப்பு?" என்று மகள் கேட்டால், நின்று பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். வேட்டையில் நேரம் போவது இங்கேதான்.

கடைசியில் கணக்கு சேர்கிறது. தெருவில் ஆள் நடமாட்டம் ஓய வேண்டும், யாரும் பார்க்கக்கூடாது. கைவிட்டுத் துழாவினால் ஒரு சின்ன டப்பா வருகிறது. உள்ளே தங்கமா? இல்லை. சுருட்டிய காகிதம் ஒன்று. முன்பு கண்டுபிடித்தவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. அதன் கீழே மகள் தன் பெயரை எழுதுகிறாள். அப்பா டப்பாவை மூடி, இருந்த இடத்திலேயே வைக்கிறார்.