பேரு தான் வேற... மருந்து ஒண்ணு!

மகள் பிரசவத்துக்கு வெளிநாடு போகும் அம்மாக்களின் பெட்டியில், பருப்புப் பொடி, ஊறுகாயோடு, காய்ச்சல், தலைவலி மாத்திரையும் கட்டாயம் இருக்கும். கொண்டு போவதில் தப்பில்லை. ஆனால், அதே மருந்துக்கு அந்த ஊரில் என்ன பெயர் என்பதையும் தெரிந்து கொண்டு போக வேண்டும்.

சென்ற ஆண்டு, நாத்தனார் பிரசவத்துக்காக, என் மாமியார் அமெரிக்கா போயிருந்தார். குளிர் ஒத்துக்காமல் காய்ச்சல், உடம்பு வலி. நாத்தனார், 'டைலெனால்' 500 மி.கி., மாத்திரையை, வேளைக்கு இரண்டாக, மூன்று வேளை கொடுத்திருக்கிறார். 'அந்த ஊர் மாத்திரை நமக்கு கேக்காது'ன்னு, மாமியார், கொண்டு போன, 'டோலோ 650'ல் நான்கையும், அதே நாளில் சாப்பிட்டிருக்கிறார்.

மறுநாள் போனில், இதை அவர் பெருமையாகச் சொன்னதும், எனக்கு, 'திக்'கென்றது. இரண்டுமே காய்ச்சல் மாத்திரை ஆச்சே! எங்கள் தெரு மருந்துக் கடைக்காரரிடம் ஓடிப்போய் கேட்டேன். 'ரெண்டும் ஒரே மருந்து தாம்மா... நாம பாராசிட்டமால்னு சொல்றதை, அமெரிக்காவுல அசிட்டமினோபென்னு சொல்வாங்க' என்றார்.

கூட்டிப் பார்த்தால், 5,600 மி.கி.! பெரியவர்களுக்கு, ஒரு நாளைக்கு, 4,000 மி.கி.,க்கு மேல் போகவே கூடாது. அளவு மீறினால், கல்லீரல் பாதிக்கும். முதல் ஓரிரு நாள், வெளியே ஒன்றுமே தெரியாது என்பது தான் கொடுமை. உடனே, நாத்தனாரிடம் சொல்லி, டாக்டரிடம் அழைத்துப் போகச் செய்தோம். ரத்தப் பரிசோதனையில், பாதிப்பு இல்லை என்று வந்த பிறகு தான், எங்களுக்கு உயிரே வந்தது.

'பாரா அசிட்டைல் அமினோ பீனால்' என்ற ஒரே நீளப் பெயரில் இருந்து, ஆளுக்கு கொஞ்சம் எழுத்தை எடுத்து வைத்த பெயர்கள் தான், இரண்டும். கம்பெனி பெயர்களோ ஏராளம். இங்கே குரோசின், கால்பால், டோலோ. இலங்கை, சிங்கப்பூரில் பனடால். இதே போல, நம்ம ஊர் புரூபென் தான், அமெரிக்காவில் அட்வில், மோட்ரின், இங்கிலாந்தில் நியூரோபென். எல்லாவற்றிலும் இருப்பது, ஐபுபுரோபென். பல சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும்.

எனவே தோழியரே... அட்டையில் உள்ள பெரிய எழுத்தோடு நிறுத்தாமல், பொடி எழுத்தில் உள்ள மருந்தின் பெயரையும், மி.கி., அளவையும் படியுங்கள். வெளிநாடு போகும் பெரியவர்களுக்கு, இரண்டு ஊர் பெயரையும், ஒரு சீட்டில் தமிழில் எழுதி, மாத்திரைப் பையிலேயே போட்டு அனுப்புங்கள். அங்கிருக்கும் மகள்களும், மருமகள்களும், மாத்திரை கொடுக்கும் முன், 'ஏற்கனவே ஏதாவது போட்டீங்களா?' என்று, ஒரு வார்த்தை கேட்டு விடுங்கள்!

— ஒரு வாசகி, திண்டுக்கல்.