உடலே சுக்கான்

இலங்கையில் முச்சக்கர வண்டி என்ற சொல்லைக் கேட்டவுடன், தெருமுனையில் வாடகைக்கு நிற்கும் சிறு வாகனமே எவர் மனத்திலும் தோன்றும். மேல்நாடுகளில் 'ட்ரைக்' என்று வழங்கும் ஊர்தியும் மூன்று சக்கரங்களை உடையதுதான். ஆனால் அது நிலத்தில் ஓடுவது சில விநாடிகளுக்கு மட்டுமே. பின்னர் வானில் எழுந்துவிடும். அலுமினியக் குழாய்களின்மீது இறுக்கிக் கட்டிய முக்கோணத் துணிச் சிறகு ஒன்று. அதன் கீழே உருக்குத் திருகாணி ஒன்றிலே தொங்கும் இருக்கைகள் இரண்டு. அவற்றின் பின்னே ஓர் இயந்திரமும் அதனாற் சுழலும் விசிறியும். கதவு இல்லை, கூரை இல்லை, பக்கச் சுவரும் இல்லை. மோட்டார் சைக்கிளிற் செல்பவன் முகத்தில் மோதும் காற்றே இதிற் செல்பவன் முகத்திலும் மோதும்.

பிரித்தானியா, பிரான்சு, அவுஸ்திரேலியா, அமெரிக்கா முதலிய நாடுகளில் ஓய்வு நாட் பொழுதுபோக்காக இதனைச் செலுத்துவோர் பலர் உளர். அவர்கள் ஒன்றுகூடித் தம் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளும்போது, வீரக் கதைகளைக் காட்டிலும், பழகிய கையும் காலும் தம்மை ஏமாற்றிய கதைகளுக்கே மதிப்பு அதிகம். அதன் காரணம் விளங்க, இவ்வூர்தியின் பிறப்பைச் சிறிது நோக்கவேண்டும்.

ஜேர்மனியைச் சேர்ந்த ஒட்டோ லிலியெந்தால் 1891 முதற் சிறகு கட்டிப் பறந்தவர். ஏறக்குறைய இரண்டாயிரம் முறை குன்றுகளிலிருந்து பாய்ந்து மிதந்தார். அவருக்குச் சுக்கான் அவருடைய உடலே. கால்களை இடமும் வலமும் முன்னும் பின்னும் வீசி, பாரத்தை மாற்றிச் சிறகைத் திருப்புவார். 1896 ஓகஸ்ட் 9ஆம் நாள் காற்றினால் நிலைகுலைந்து வீழ்ந்து, மறுநாள் உயிர்நீத்தார். பின்வந்த றைட் சகோதரர் சிறகையே முறுக்கித் திருப்பும் முறையைக் கண்டனர். அதன்பின் விமானம் வளர்ந்த வழி அதுவே. உடலின் பாரத்தாற் பறக்கும் வழி அரை நூற்றாண்டு காலம் புல்முளைத்துக் கிடந்தது எனலாம்.

அவ்வழியை மீண்டும் திறந்தது ஒரு பட்டம். அமெரிக்கப் பொறியியலாளர் பிரான்சிஸ் றொகலோவும் அவர் மனைவி கேட்றூடும் 1948இல், சட்டங்கள் இன்றிக் காற்றின் அழுத்தத்தாலேயே உருவம் பெறும் ஒரு துணிச் சிறகை அமைத்தனர். முதற் சிறகு அவர்கள் வீட்டுச் சமையலறைத் திரைச்சீலையினால் ஆனது. அச்சிறகைக் கொண்டு விண்கலங்களைத் தரையிறக்கலாமா என்று அமெரிக்க விண்வெளி நிறுவனம் 1960களில் ஆராய்ந்து, பின்னர் கைவிட்டது. ஆனால் 1963இல் அவுஸ்திரேலியாவின் கிறாவ்டன் நகரில் ஜோன் டிக்கென்சன் என்பவர், படகினால் இழுக்கப்பட்டுப் பறக்கும் சிறகு ஒன்றை அமைத்தபோது, அதன் கீழே ஒரு முக்கோணச் சட்டத்தைப் பொருத்தினார். பறப்பவன் தொங்கிக்கொண்டே அச்சட்டத்தின் அடிக்கோலைப் பற்றித் தள்ளியும் இழுத்தும் தன் பாரத்தை நகர்த்தலாம். இன்றைய ட்ரைக்கின் உயிர்நிலை அந்தச் சட்டமே. 1970களின் இறுதியில் இயந்திரமும் மூன்று சக்கரங்களும் சேர்ந்தன.

யாழ்ப்பாணத்துச் சிறுவர் தைப்பொங்கற் காலத்திற் பட்டம் ஏற்றும்போது, முச்சைக் கயிற்றைச் சற்று ஏற்றியும் இறக்கியும் கட்டிப் பட்டத்தின் சாய்வைச் சரிசெய்வர். ட்ரைக்கில் அந்தக் கயிற்றின் வேலையை மனிதனின் பாரம் செய்கிறது. அவன் கோலை முன்னே தள்ளினால் உடலும் வண்டியும் பின்னே செல்லும், சிறகின் மூக்கு உயரும், வேகம் குறையும். கோலைத் தன்பால் இழுத்தால் மூக்குத் தாழும், வேகம் கூடும். கோலை வலப்புறம் தள்ளினாற் பாரம் இடப்புறம் சென்று ஊர்தி இடப்புறம் திரும்பும்.

இவை யாவும் விமானத்தின் முறைக்கு நேர் எதிரானவை. விமானத்திற் பிடியை இழுத்தால் மூக்கு உயரும். வலப்புறம் சாய்த்தால் வலப்புறம் திரும்பும். நிலத்தில் ஓடும்போதும் இதே முரண்பாடு உண்டு. ட்ரைக்கில் இடக்காலை உந்தினால் முன்சக்கரம் வலப்புறம் திரும்பும். ஆகவே, புதிதாகக் கற்கவரும் ஒருவனைக் காட்டிலும், விமானம் ஓட்டிப் பல்லாண்டு பழகியவனே இதில் அதிக ஆபத்துக்கு உள்ளாகிறான். வானத்தின் உயரத்தில், சிந்திக்க நேரம் இருக்கும்போது, அவன் கை சரியாகவே இயங்கும். நிலம் விரைந்து நெருங்கும் கடைசிக் கணத்திற் பழைய பழக்கம் தலைதூக்கும். மூக்கை உயர்த்தக் கோலைத் தள்ளவேண்டிய அவ்வேளையில் அவன் தன்னையறியாமல் இழுப்பான். ஊர்தி நேரே நிலத்தில் மோதும். கல்வியிற் கற்பது பாதி, கற்றதை வேண்டுமிடத்து விலக்கி வைப்பது பாதி என்பதை இவர்கள் உடலாலேயே அறிகின்றனர். பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் ஆசிரியர் பல மணிநேரம் பொறுமையோடு காத்திருப்பது இந்த ஒரு கணத்திற்காகவே. அவர் இறங்கிக்கொண்டு மாணவனைத் தனியே அனுப்பும் நாளில், ஒருவர் பாரம் குறைந்த ஊர்தி எதிர்பாராத விரைவோடு மேலெழும். முதன்முறை தனித்துப் பறந்தோர் மறவாது கூறும் வியப்பு அது.

பறப்போர் ஒருவருக்கொருவர் கூறும் செய்திகளுள் வேறு சிலவும் கேட்கத் தக்கவை. விசிறி பின்னால் இருப்பதனால், கையிலிருந்து நழுவும் கையுறையோ, கழுத்துத் துணியோ, புகைப்படக் கருவியோ நேரே அதனுட் சென்று அலகைச் சிதைக்கும். ஆகவே எதையும் கயிற்றாற் பிணைத்தே கொண்டுசெல்வர். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஆறு, ஏழு பாகை குறையும். அதனோடு காற்றும் வீசுவதாற் கோடையிலும் குளிராடை வேண்டும். சிறிய இயந்திரம் எந்நேரமும் நின்றுவிடலாம் என்று எண்ணி, இறங்கத் தக்க வயலொன்றைக் கண் தேடிக்கொண்டே இருக்கவேண்டும். நண்பகல் வெயிலில் நிலம் காய்ந்து வெப்பக் காற்று மேலெழும்போது சிறகு அலைக்கழியும்; காலையும் மாலையுமே உகந்த பொழுதுகள். எல்லாவற்றிலும் கொடியது ஒன்று உண்டு. மூக்கை அளவின்றி உயர்த்தி வேகத்தை முற்றாக இழந்தால், சிறகு பின்னோக்கிச் சறுக்கித் தலைகுப்புறச் சுழலும். வாலில்லாத இச்சிறகை அதிலிருந்து மீட்க வழியில்லை. சாகச விளையாட்டு இவ்வூர்திக்கு அறவே விலக்கப்பட்டிருப்பது இதனாலேயே. இத்தகைய செய்திகளை வெட்கத்தினால் மறைப்பவன் அடுத்தவன் உயிருக்கு ஊறு செய்கிறான் என்று அவர்கள் கருதுவது நியாயமே.

இத்துணை எச்சரிக்கையோடு நடத்தப்படும் இச்சிறு ஊர்தி அரிய செயல்களையும் புரிந்திருக்கிறது. பிரித்தானியரான பிறயன் மில்டன் 1998இல் இதிற் புறப்பட்டு 120 நாட்களில் உலகைச் சுற்றினார். 2004ஆம் ஆண்டு மே மாதம் றிச்சாட் மெரடித் ஹார்டி எவரெஸ்ட் சிகரத்தின் மேலாகப் பறந்தார். ஆயினும் இதன் மெதுவான வேகமே, குறையெனத் தோன்றிய அதுவே, மிகப் பெரிய பணிக்குப் பயன்பட்டது.

வட அமெரிக்காவில் 'ஹூப்பிங் கிறேன்' என்னும் நெடிய வெண்கொக்கு இனம் ஒன்று உண்டு. வேட்டையாலும் சதுப்பு நிலங்கள் அழிந்தமையாலும், 1941இல் அவ்வினத்திற் காட்டிலே எஞ்சியவை சுமார் இருபதே. கூண்டில் வளர்க்கும் குஞ்சுகளைக் காட்டில் விட்டாலும் ஓர் இடர் இருந்தது. குளிர்காலத்தில் தெற்கே செல்லும் வழியைக் குஞ்சுகள் தாய் தந்தையரிடமே கற்கும். கூண்டுக் குஞ்சுகளுக்குக் கற்பிப்பார் இல்லை. கனடா நாட்டுச் சிற்பியான பில் லிஷ்மன் முன்னரே வாத்துக்களுடன் பறந்து காட்டியிருந்தார். அவ்வழியைப் பின்பற்றி, 2001இல் விஸ்கொன்சின் மாநிலத்திலிருந்து புளோரிடாவுக்கு எட்டுக் குஞ்சுகளை ட்ரைக்குகள் அழைத்துச் சென்றன.

தூரம் 1,900 கிலோமீற்றருக்கு மேல். முட்டைக்குள் இருக்கும்போதே குஞ்சுகளுக்கு இயந்திர ஒலி கேட்பிக்கப்பட்டது. பறப்போர் மனித உருவம் தெரியாதபடி வெள்ளை அங்கி அணிந்தனர். குஞ்சுகளின் முன் ஒரு சொல்லும் பேசவில்லை. கொக்குகள் மணிக்குச் சுமார் 60 கிலோமீற்றர் வேகத்திற் பறப்பவை. விரைந்து செல்லும் விமானம் எதுவும் அவற்றோடு இணைந்து செல்லாது. ட்ரைக்கின் சிறகு நுனியிலிருந்து எழும் காற்றின் மேல் அவை அதிகம் சிறகடியாமல் மிதந்து சென்றன. வழியில் ஒரு குஞ்சு புயலுக்கு இரையாயிற்று. தெற்கே இரண்டினைக் காட்டுப் பூனைகள் கொன்றன. எஞ்சிய ஐந்தும் 2002 வசந்தகாலத்தில் வழிகாட்டுவார் எவருமின்றித் தாமாகவே வடக்கே திரும்பின.

இப்பணி பல ஆண்டுகள் தொடர்ந்தது. 2007 பெப்ரவரியில் வீசிய புயலில் அவ்வாண்டுக் குஞ்சுகள் பதினெட்டில் பதினேழு மடிந்தன. அப்போதும் அவர்கள் நிறுத்தவில்லை. ஆனால் வளர்ந்த கொக்குகள் வழியைக் கற்றனவே தவிர, தம் குஞ்சுகளை வளர்த்தெடுப்பதிற் போதிய வெற்றி பெறவில்லை. மனிதர் கைபட்ட வளர்ப்பே காரணமாகலாம் என்று கருதி, அமெரிக்க அரசு 2016இல் இம்முறையை நிறுத்தியது. அதன்பின் குஞ்சுகளுக்கு வழிகாட்டும் பொறுப்பு வளர்ந்த கொக்குகளிடமே விடப்பட்டது. அவற்றுட் சில, ட்ரைக்கின் பின்னே பறந்து வழி கற்றவை.