வாங்கிய விலையும் விற்கும் நேரமும்

நட்டத்திற்கு விற்பதற்கும் ஃபிக்ஹ் கலையில் தனிப்பெயர் உண்டு. அடக்க விலையைச் சொல்லி அதன்மேல் இலாபம் வைத்து விற்பது முராபஹா. வாங்கிய விலைக்கே கொடுத்துவிடுவது தவ்லியா. அதற்கும் குறைத்துக் கொடுப்பது வளீஆ. இம்மூன்றிலும் விற்பவர் தம் அடக்க விலையை மறைக்காமல் கூறக் கடமைப்பட்டவர். நான்காவது வகை முஸாவமா. இதில் அடக்க விலை பேச்சிலேயே வராது. இருவரும் இசையும் விலையே விலை. அரபிக் கல்லூரியில் இப்பாடத்தை நடத்தும்போதெல்லாம், பங்குச் சந்தையில் நம்மவர் படும் பாடு என் நினைவுக்கு வருவதுண்டு.

பங்குச் சந்தையின் கொடுக்கல் வாங்கல் முஸாவமாவைச் சேர்ந்தது. நாம் 500 ரூபாய்க்கு வாங்கினோமா, 50 ரூபாய்க்கு வாங்கினோமா என்பதை எதிரே வாங்குபவர் அறியார். அறிய வேண்டியதும் இல்லை. ஆயினும் விற்பவரின் மனம் மட்டும் முராபஹாவை விட்டு நகர்வதில்லை. 'வாங்கிய விலை வரட்டும், விற்றுவிடுகிறேன்' என்கிறது.

இவ்வியல்பை அமெரிக்கப் பொருளியல் அறிஞர் டெரன்ஸ் ஓடியன், தரகு நிறுவனம் ஒன்றின் 10,000 கணக்குகளைக் கொண்டு ஆராய்ந்து 1998இல் வெளியிட்டார். மக்கள் இலாபத்தில் உள்ள பங்கை விரைந்து விற்கிறார்கள். நட்டத்தில் உள்ளதை விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள். விற்கப்பட்ட இலாபப் பங்குகளோ, பிடித்து வைக்கப்பட்ட நட்டப் பங்குகளைவிட அடுத்த ஓராண்டில் சராசரியாக 3.4 விழுக்காட்டுப் புள்ளி கூடுதலாக ஈட்டியிருந்தன.

அவ்வாறாயின் எப்போது விடுவது? வாங்கியதற்கான காரணம் அழிந்தபோது. ஹைதராபாத்தின் சத்யம் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 2008 டிசம்பர் 16 அன்று அதன் இயக்குநர் குழு, நிறுவனத் தலைவரின் குடும்பத்தோடு தொடர்புடைய இரு மேடாஸ் நிறுவனங்களை வாங்க முடிவு செய்தது. முதலீட்டாளர்கள் கொதித்தெழவே, சில மணி நேரத்திலேயே அம்முடிவு கைவிடப்பட்டது. பங்கின் விலையும் பெரிதும் சரிந்தது. நிர்வாகத்தின் அமானிதத்தை நம்பி அப்பங்கை வாங்கியவருக்கு அன்றே காரணம் ஆட்டம் கண்டுவிட்டது. மூன்று வாரம் கழித்து, 2009 ஜனவரி 7 அன்று, கணக்குகள் பொய் எனத் தலைவர் ராமலிங்க ராஜுவே எழுதிக் கொடுத்தார். முதல்நாள் 179 ரூபாய் அளவில் இருந்த பங்கு அன்று 40 ரூபாய் அளவில் முடிந்தது. டிசம்பரில் நட்டத்தோடு வெளியேறியவர் செய்தது வளீஆ. 'பழைய விலை வரட்டும்' என்று காத்திருந்தவருக்கு அந்த வாய்ப்பும் போயிற்று. குறிப்பிட்ட விலைக்கு இறங்கினால் விற்றுவிடும்படி முன்கூட்டியே பதிந்து வைக்கும் 'ஸ்டாப் லாஸ்' முறை நல்லதே. எனினும் இப்படி ஒரே வீச்சில் விழும் நாளில் குறித்த விலை கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

காரணம் அழியாமல் விலை மட்டும் விழுவதும் உண்டு. 2020 ஜனவரியில் 42,000ஐ எட்டிய சென்செக்ஸ், கொரோனா அச்சத்தில் மார்ச் 23 அன்று 26,000க்குக் கீழே முடிந்தது. நவம்பரில் பழைய உயரத்தைக் கடந்தது. தொழில் நன்றாக நடந்து, கடன் குறைவாக உள்ள நிறுவனங்களின் பங்குகளை அப்போது விடாமல் வைத்திருந்தது பொறுமை. ஆனால் குறியீடு மீண்டதைக் கண்டு ஒவ்வொரு பங்கும் மீளும் என எண்ணலாகாது. சத்யமும் ஒரு காலத்தில் சென்செக்ஸில் இருந்ததே. மேலும், பொறுமை சொந்தப் பணத்தில் வாங்கியவருக்கே இயலும். வட்டிக் கடனில் வாங்கியவர், வட்டி கூடாது என்பது ஒருபுறமிருக்க, காத்திருக்கும் காலத்தையும் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டவர். முஸ்லிமுக்கு வெளியேற வேறொரு காரணமும் உண்டு: நிறுவனத்தின் தொழிலே விலக்கப்பட்டதாக மாறினால், அங்கே இலாப நட்டக் கேள்விக்கு இடமில்லை.

வாங்கிய விலையை மறக்க நமக்கு ஆண்டுதோறும் ஒரு பயிற்சி வைக்கப்பட்டிருக்கிறது. வணிகச் சரக்கின் ஸகாத், அதை வாங்கிய விலையைக் கொண்டு கணக்கிடப்படுவதில்லை. ஆண்டு நிறைவில் அது பெறும் மதிப்பைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. விற்று இலாபம் பெறும் நோக்கில் வாங்கிய பங்குகளுக்கும் இதுவே சட்டம். (ஆண்டு ஈவுத்தொகைக்காக வைத்திருப்பவற்றில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, அது தனிக் கட்டுரைக்குரியது.)

சில ஆண்டுகளுக்கு முன், ரமளானில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஸகாத் கணக்கோடு என்னிடம் வந்தார். ஹஜ்ஜுக்கென ஒதுக்கிய மூன்று இலட்சத்தை, விலையேறியதும் விற்கும் எண்ணத்தில், ஒரே நிறுவனத்தின் பங்கில் போட்டிருந்தார். இன்றைய மதிப்பு எண்பதாயிரம்.

"எண்பதாயிரத்துக்குத்தானே ஹஜ்ரத் கணக்குப் பார்க்க வேண்டும்?" என்றார்.

"ஆம், இதற்கு இரண்டாயிரம் வரும்" என்றேன். பிறகு, "ஹஜ்ஜுக்கு எவ்வளவு சேர்ந்திருக்கிறது?" என்று கேட்டேன்.

"மூன்று இலட்சம்" என்று சட்டெனச் சொன்னவர், சற்று நேரம் பேசவில்லை.

அந்நிறுவனம் இப்போது எப்படி நடக்கிறது என்று கேட்டேன். இரண்டு ஆண்டுகளாக அதன் அறிக்கையைப் பிரித்துப் பார்த்ததில்லை என்றார். விலையை மட்டும் நாள்தோறும் பார்த்து வந்திருக்கிறார்.

"அந்த எண்பதாயிரம் இன்று உங்கள் கையில் ரொக்கமாக இருந்தால், இதே பங்கை வாங்குவீர்களா?"

"மாட்டேன் ஹஜ்ரத்" என்றார். ஸகாத்துத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஹஜ்ஜுக்கு இன்னும் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.