பார்கவியின் பாட்டும் திருவட்டாறின் குரலும்

நெய்யாற்றின்கரையில் பஸ் ஏறி, பாறசாலை வழியாகக் களியக்காவிளையில் இறங்கினால் மாநிலம் மாறியிருக்கும். கடைப் பலகைகளின் எழுத்தும் மாறியிருக்கும். ஆனால் ரப்பர் மரங்களும் மரச்சீனித் தோட்டங்களும் அப்படியே கூட வரும். பேய்க்கதைகளும் அப்படித்தான். எல்லைக்கு இந்தப் பக்கம் இசக்கி என்று கும்பிடுகிறவளை அந்தப் பக்கம் யட்சி என்கிறார்கள். ஒரே சொல், இரண்டு உச்சரிப்பு.

இந்த மண்ணில் பேய்க்கதை என்பது பாட்டாகக் கேட்பதுதான். கோவில் கொடைக்கு வில்லடிக்க வருகிற குழு, ராத்திரி நேரத்தில் நீலி கதையை எடுக்கும். வீசுகோல் நாணில் பட்டு மணிகள் குலுங்கும். குடமும் உடுக்கையும் சேர்ந்துகொள்ளும். நகைக்காகக் காதலனே கள்ளியங்காட்டில் கொன்றுபோட்ட பெண்ணின் கதை அது. கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பழிவாங்க வருகிற நீலியைக் கேட்டால் பயம் வரும். ஆனால் அவள் சாகிற இடத்தைப் புலவர் பாடும்போது நமக்குத் தொண்டை அடைக்கும். பயமும் இரக்கமும் இப்படி ஒரே பாட்டில் கலந்து வருவதை, 1964இல் மலையாள சினிமா ஒன்று அபூர்வமாகப் பிடித்துவிட்டது. அந்தப் படம் ‘பார்கவி நிலையம்’.

பயமுறுத்தாத பேய்ப்பட இசை

வைக்கம் முகம்மது பஷீர் தன்னுடைய ‘நீலவெளிச்சம்’ சிறுகதையை வைத்துத் தானே எழுதிய திரைக்கதை. ஒளிப்பதிவாளராக நமக்கு நன்கு தெரிந்த ஏ.வின்சென்ட் முதன்முதலாக இயக்கிய படம். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’க்கு அவர் கேமரா பிடித்திருந்தார். பாழடைந்த வீட்டின் இருட்டை எப்படிக் காட்ட வேண்டும் என்பது அவருக்குக் கைவந்த கலை. அந்த இருட்டுக்குள் கேட்கிற பாட்டுகளை பி.பாஸ்கரன் எழுத, கோழிக்கோட்டு எம்.எஸ்.பாபுராஜ் இசையமைத்தார்.

பேய்ப்படத்துக்கு இசை என்றதும் பலருக்கு நினைவு வருவது ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960). தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்துக்கொண்டு பெர்னார்ட் ஹெர்மன் கத்திக்குத்தையே காதால் கேட்க வைத்தார். நம் நாட்டுப் பேய்ப்படங்கள் வேறு வழியில் வந்தவை. 1949இல் ‘மஹல்’ படத்தில் கேம்சந்த் பிரகாஷ் இசையில் லதா மங்கேஷ்கர் பாடிய நாளிலிருந்து நம்முடைய பேய் பாடி அழைக்கிற பேய். பாபுராஜும் அந்த வழியில் வந்தவர்தான், ஆனால் இன்னும் ஓர் அடி மேலே போனார். பேயின் பாட்டை ரசிகனை மிரட்டும் தந்திரமாக அவர் வைக்கவில்லை. செத்துப்போனவளின் வாழ்க்கையையே பாட்டாக்கினார்.

பார்கவி பக்கத்து வீட்டுப் பாடகனை நேசித்தவள். பொறாமை பிடித்த ஒருவன் அந்தப் பாடகனைக் கொன்று, அவளையும் கிணற்றில் தள்ளிவிடுகிறான். பல காலம் கழித்து அந்த வீட்டுக்குக் குடிவருகிற எழுத்தாளன் அவளைக் கண்டு ஓடாமல், பக்கத்தில் இருப்பவளிடம் பேசுவதுபோலப் பேசுகிறான். உனக்கு என்ன நடந்தது என்று தேடிப் போய், அவள் கதையை எழுதுகிறான். படத்தின் இசையும் அதையே செய்கிறது. எஸ்.ஜானகி பாடிய பாட்டுகளில் ஆசையும் காத்திருப்பும்தான் இருக்கின்றன. அப்போது 24 வயதான யேசுதாஸ் பாடிய ‘தாமசமெந்தே’ பீம்பளாசி ராகம். நம் ஆபேரியின் நெருங்கிய சொந்தம். இன்றைக்கும் மலையாளிகள் தங்கள் தலைசிறந்த காதல் பாட்டுகளில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். அது ஒரு பேய்ப்படத்தின் பாட்டு என்பதே பலருக்கு மறந்துவிட்டது.

எல்லை தாண்டிய தனிமை

ஆனால் எல்லையோரத்தில் நின்று கேட்கிறவருக்கு இந்தப் படத்தில் இன்னொரு பாட்டு இருக்கிறது. ‘ஏகாந்ததயுடே’ என்று தொடங்கும் அந்தப் பாட்டைப் பாடியவர் கமுகறை புருஷோத்தமன். ஆதிகேசவப் பெருமாள் பள்ளிகொண்ட திருவட்டாறில் 1930இல் பிறந்தவர், பள்ளி ஆசிரியர். 1956 நவம்பர் 1 அன்று நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றது. விளவங்கோடும் கல்குளமும் அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தன. கமுகறையின் ஊரும் இங்கே வந்தது. அவருடைய பாட்டு அங்கேயும் கேட்டுக்கொண்டிருந்தது.

ராத்திரி, வீடு அடங்கிய பிறகு அந்தப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். அவசரமே இல்லை. சொற்களை ஒவ்வொன்றாக இறக்கி வைக்கிறார். ஆசிரியருக்கே உரிய திருத்தமான உச்சரிப்பு. சொல் முடிகிற இடத்தில் குரலை உடனே விட்டுவிடாமல் நீட்டிப் பிடிக்கிறார். ஆளில்லாத வீட்டில் பேசினால் நம் குரலே நம்மிடம் திரும்பி வருமே, அந்த உணர்வு. பேயைப் பற்றி அதில் எதுவும் இல்லை. தனிமை மட்டும்தான் இருக்கிறது. அந்தத் தனிமை வீட்டுக்கு வந்தவனுடையதா, வீட்டிலேயே தங்கிவிட்டவளுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இந்தப் பாட்டின் உயரமே அதுதான் என்பது என் எண்ணம்.

பேயின் மொழி

இதே வழியில் 29 ஆண்டுகள் கழித்து இன்னொரு படம் வந்தது. பாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993). அதில் ஒரு பகுதி தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனையில் எடுக்கப்பட்டது. அதில் பேயாக வரும் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, மலையாளப் படத்தில் தமிழ் பேசி ஆடுகிறவள். அவளுக்கான தமிழ் வரிகளை வாலி எழுதினார். ஆஹிரி பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்று வித்வான்கள் ஒதுக்கிவைக்கும் ராகத்தை எம்.ஜி.ராதாகிருஷ்ணன் துணிந்து எடுத்தாண்டார். பின்னணி இசை ஜான்சன். அதே கதை ‘சந்திரமுகி’ (2005) ஆனபோது, தமிழ்ப் படத்துப் பேய் தெலுங்கில் பாடியது. பேயை அயல்மொழிக்காரியாக்குவது சினிமாவுக்கு வசதி. ஆனால் பாறசாலையில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு நாகவல்லியின் தமிழ் அயல்மொழியாகக் கேட்டிருக்குமா? அடுத்த வீட்டுப் பெண்ணின் அழுகையாகத்தான் கேட்டிருக்கும்.

2023இல் ஆஷிக் அபு ‘நீலவெளிச்சம்’ என்று அந்தப் பழைய கதையை மறுபடியும் எடுத்தபோது, பாபுராஜின் மெட்டுகளைப் பிஜிபாலும் ரெக்ஸ் விஜயனும் புது ஒலியில் வார்த்துத் தந்தார்கள். புதிய தலைமுறை அவற்றைக் கேட்பதில் மகிழ்ச்சி. அதோடு நிற்காமல் 1964இன் ஒலிப்பதிவையும் தேடிக் கேட்க வேண்டும். பாபுராஜ் 1978இல் சென்னையில் மறைந்தார், கமுகறை 1995இல். அவர்கள் விட்டுப்போனது அந்தப் பதிவில்தான் இருக்கிறது.

இருட்டில் ஒரு பெண்ணின் குரல் கேட்டால் ‘யார் அது?’ என்று நடுங்கத்தான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கொடை ராத்திரியில் நீலிக்காகக் கண் கலங்கிய இந்த ஊர்க்காரர்களுக்கு அடுத்த கேள்வியும் தெரியும். ‘உன்னை யாரம்மா கொன்றது?’ பார்கவிக்காக அந்தக் கேள்வியைக் கேட்ட இசை இது.