எட்டு அங்குலத்துக்குள் ஏழு மலை

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் 9 படிக்கும் மாணவியிடமிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு குகை. குகைக்குள் ஒரு கிளி. கிளிக்குள் அரக்கனின் உயிர். நம் அம்மாயிமாரும் அப்பாயிமாரும் சொன்ன அந்தக் கதையை நாடகமாக்கப் போகிறார்களாம். வசனம் தயார், உடுப்புத் தயார். பாடசாலை மேடையில் ஏழு மலையை எப்படி நிறுத்துவது என்பதுதான் கேள்வி. கடிதத்தின் பின்பக்கத்தில் தான் யோசித்து வைத்திருந்த காட்சியையும் பென்சிலால் வரைந்திருந்தார்: இரண்டு முக்கோணம், நடுவில் பாதிச் சூரியன், சுற்றிலும் கதிர்க்கோடுகள்.

அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலுக்கு வந்தால் சிவனொளிபாதமலை தெரிகிற ஊர் மஸ்கெலியா. மலைக்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் மலை என்று அடுக்கி வைத்த ஊர். அங்கே பிறந்த பிள்ளையின் பென்சிலும் மலை என்றதும் முக்கோணத்துக்குத்தான் போகிறது. பிள்ளையின் மேல் குற்றமில்லை. பார் என்று நாம் சொல்லிக்கொடுக்கவில்லை.

மேடையில் நிறுத்துமுன் மேசையில் நிறுத்திப் பாருங்கள், மகளே. என் பதில் இதுதான். மேசையில் நிற்கும் அந்தச் சின்ன மேடைக்குப் பெயர் மாதிரியுரு. நாடகமும் அரங்கியலும் பாடம் எடுத்தவர்களுக்குக் காட்சி விதானிப்பு என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பரீட்சைத் தாளில் அந்தச் சொல்லை எழுதிய பிள்ளைகளில் எத்தனை பேர் கத்தரிக்கோலும் மட்டையுமாக உட்கார்ந்து ஒரு மேடையைச் செய்து பார்த்திருப்பார்கள்?

அளவிலிருந்து தொடங்குவோம். பிரித்தானிய அரங்குகளில் இருபத்தைந்தில் ஒரு பங்காகக் குறைத்துச் செய்வார்கள். அமெரிக்காவில் ஓர் அடிக்கு அரை அங்குலம் என்பது வழக்கம். நமக்கு இரண்டாவதே வசதி. மரவேலைக்கு வரும் பாஸ் இன்னும் அடி, அங்குலத்தில்தானே பேசுகிறார்? உங்கள் மேடை 24 அடி அகலம், 16 அடி ஆழம், 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். மாதிரியில் அது 12 அங்குலம், 8 அங்குலம், 5 அங்குலம். கிட்டத்தட்ட ஒரு சப்பாத்துப் பெட்டி! நான் வளர்ந்த லயத்துக் காம்பரா 12க்கு 10 அடி. இந்தக் கணக்கில் அது ஆறுக்கு ஐந்து அங்குலம். ஒரு கொப்பியின் அளவுகூட வராது. எட்டுப் பேர் படுத்தெழும்பிய இடத்தை அப்படி மேசையில் வைத்துப் பார்த்த அன்றுதான் அதன் நெருக்கடி எனக்கு முழுதாக விளங்கியது. அளவு மாறாமல் குறைத்த பொருள் பொய் சொல்லாது.

பெட்டியின் ஒரு நீளப்பக்கத்தை வெட்டியெடுத்துவிட்டு உட்புறம் முழுக்கக் கறுப்புப் பூசுங்கள். அடுத்து, வேறெதையும் தொடுமுன், ஓர் ஆள் செய்யுங்கள். ஐந்தடிப் பிள்ளை என்றால் இரண்டரை அங்குலம். மட்டையில் வெட்டி, நிற்பதற்குக் காலடியில் ஒரு நாணயத்தை ஒட்டுங்கள். அரக்கனின் உயிர் கிளிக்குள் இருப்பதைப்போல மாதிரியுருவின் உயிர் இந்த இரண்டரை அங்குல உருவுக்குள் இருக்கிறது. ஆள் நிற்காத பெட்டியில் கதவு பெரிதா சிறிதா, மலை உயரமா தாழ்வா, ஒன்றும் தெரியாது. ஆளை நிறுத்தியதும் எல்லாமே பேசத் தொடங்கும்.

முதலில் பேசப்போவது கிளிதான். ஓர் அடி நீளக் கிளி மாதிரியில் அரை அங்குலம். பெட்டியை மேசையில் வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். கதையின் உயிர்நாடியே சட்டென்று கண்ணுக்குத் தட்டுப்படாது. ஆகவே கிளிக்குப் பெரிய கூண்டு வேண்டும். பச்சை எடுபடுகிற வெளிறிய பின்னணியும் வேண்டும். இந்தப் புத்தியை மேடையேற்றும் நாளில் பெற்றால் பயனில்லை. மேசையில் பெற்றால் ஒரு துண்டு மட்டையோடு போகும்.

இளம்வயதில் நாங்கள் போட்ட ஒரு நாடகத்துக்கு அரண்மனைத் தூண்களை நேராக மேடையிலேயே கட்டினோம். வலப்பக்கத்து வாங்குகளில் இருந்த அத்தனை பேருக்கும் ராஜகுமாரியைத் தூண் மறைத்துவிட்டது. ஒட்டுப்பலகை வாங்கிய காசு தோட்டத்து மக்களிடம் சேர்த்த காசு. இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது. சப்பாத்துப் பெட்டிக்கு முன்னால் குனிந்து, கண்ணை அதன் தரைமட்டத்துக்குக் கொண்டுபோய், வலது ஓரத்திலிருந்தும் இடது ஓரத்திலிருந்தும் ஒருமுறை பார்த்திருந்தால் போதும்.

இனி மலைகளுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

பெட்டியின் ஆழம் எட்டே அங்குலம். அதற்குள் ஏழு மலை. முதல் மலைக்கும் ஏழாவது மலைக்கும் நடுவே பல காததூரம் இருப்பதாகப் பார்ப்பவர் நம்ப வேண்டும். எப்படி? பனி விலகிய ஒரு காலையில் வெளியே வந்து பாருங்கள். பக்கத்து மலை கரும்பச்சை. தேயிலை நிரை தெரியும், நடுவில் நிற்கும் சவுக்கு மரங்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். அடுத்த மலையில் நிரை மறைந்துவிடும், பச்சை மங்கிவிடும். அதற்கடுத்தது நீலம். அதற்கும் அப்பால் வானத்தோடு கரைகிற ஒரு சாம்பல் கோடு. தூரத்து மலையிலும் அதே தேயிலைதான், அதே பச்சைதான். நிறத்தை மாற்றுவது நடுவிலிருக்கும் காற்று.

காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன; சிவப்பைவிட நீலத்தை நான்கு மடங்குக்கும் மேலாக. இதன் கணக்கை இயற்பியலாளர் ரேலி 1871இல் எழுதிவைத்தார். நமக்கும் மலைக்கும் நடுவே காற்று கூடக்கூட, சிதறிய நீல ஒளி மலையின் மேல் திரைபோலப் படிகிறது. மூடுபனியின் நீர்த்துளிகளோ மூலக்கூறுகளைவிட மிகப் பெரியவை. அவை எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிப்பதால் மலை வெளுக்கிறது. வெயில் நாளில் நீல மலையும் பனி நாளில் வெள்ளை மலையும் நமக்குக் கிடைப்பது இதனால்தான். தூரத்து மலையின் நிறத்தைக் காற்று மாற்றும் என்பது லியனார்டோ டாவின்சி தன் குறிப்பேடுகளில் ஓவியர்களுக்கு வற்புறுத்திச் சொன்ன பாடம். தேயிலை மலையில் வாழ்கிறவர்களுக்கோ அந்தப் பாடம் தினமும் வாசலில் கிடக்கிறது.

மேடையின் 16 அடிக் காற்று ஒன்றையும் நீலமாக்காது. அந்தக் காற்றைத் தூரிகையால் நாம்தான் ஊற்ற வேண்டும். பிரிஸ்டல் போர்டில் ஏழு மலைமுகடுகளை வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு கிண்ணத்தில் கரும்பச்சை. முதல் மலைக்கு அதை அப்படியே பூசுங்கள். பிறகு வெள்ளையும் துளி நீலமும் சேர்த்து இரண்டாவதற்கு. ஒரு நுட்பத்தை மட்டும் மறக்கக் கூடாது. ஒவ்வொரு மலைக்கும் ஒரே அளவு வெள்ளை சேர்த்துக்கொண்டு போனால், தொடக்கத்தில் நிறம் சட்டென்று மாறும், கடைசியில் மாறியதே தெரியாது. கருமையில் விழுந்த முதல் கரண்டி வெள்ளைக்கு இருக்கும் பலம், ஏற்கெனவே வெளுத்த கிண்ணத்தில் விழுகிற ஒரு கரண்டிக்கு இல்லை. ஆகவே ஒன்று, இரண்டு, நான்கு என்று கூட்டிக்கொண்டே போங்கள். முதல் மலையில் தேயிலை நிரையை வரையுங்கள், இரண்டாவதில் சும்மா கோடு, மூன்றாவதிலிருந்து ஒன்றும் வேண்டாம். மட்டைகளுக்கு இடையிலான இடைவெளியையும் பின்னால் போகப்போகக் குறையுங்கள். ஆறாவது மலைக்கும் ஏழாவதுக்கும் நடுவே ஒரு கீற்றுப் பண்டேஜ் துணியைத் தொங்கவிட்டு, ஏழாவது மலையில் வெட்டிய குகைவாயில் கிளியை வையுங்கள். முன்னாலிருந்து டோர்ச் அடித்தால் துணி வெறும் பனியாகத் தெரியும். முன் வெளிச்சத்தை அணைத்துத் துணிக்குப் பின்னாலிருந்து அடித்தால் கிளி புறப்பட்டு வரும். பகலில் உள்ளே ஒன்றையும் காட்டாத ஜன்னல் சீலை, இரவில் விளக்கேற்றியதும் வீட்டையே காட்டிக்கொடுப்பதில்லையா? அதே விதிதான். மேடைக்கு வரும்போது பண்டேஜின் இடத்தில் நுளம்பு வலை.

கிளியைத் தேடிப் போகும் ராஜகுமாரன் ஏழாவது மலைமேல் எப்படி ஏறுவான்? இத்தாலியில் விசென்சா நகரத்து ஒலிம்பிக்கோ அரங்கு 1585இல் திறக்கப்பட்டது. அதன் மேடைக்குப் பின்னால் கட்டடக் கலைஞர் ஸ்கமோட்சி அமைத்த மரத்தெருக்கள் இன்றும் இருக்கின்றன. போகப்போகத் தரை உயர்ந்து, வீடுகள் சிறுத்து, குறுகிய இடத்திலே நெடுந்தெரு போலத் தோன்றும். பெரிய ஆள் ஒருவர் அதன் கடைசிக்கு நடந்தால் வீடுகளுக்குப் பக்கத்தில் ராட்சதனாகத் தெரிவார், மாயம் கலைந்துவிடும். நீங்கள் தரம் 2 பிள்ளை ஒன்றுக்கு ராஜகுமாரனின் அதே உடுப்பைத் தைத்து ஏழாவது மலையில் நடக்கவிடுங்கள். மூன்றரை அடிப் பிள்ளை, மாதிரியில் ஒன்றே முக்கால் அங்குலம். முதலில் அதை வெட்டி நிறுத்திப் பாருங்கள். ராஜகுமாரன் தொலைதூரம் போய்விட்டது உங்களுக்கே தெரியும். கடலுக்கும் வழி உண்டு. சுவீடனில் 1766இல் திறந்த டுரொட்னிங்ஹோம் அரங்கில் திருகுபோல் முறுக்கிய மர உருளைகளைச் சுழற்றித்தான் அலை எழுப்புகிறார்கள்.

இவையெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று ஒதுக்க வேண்டாம். 1911இல் கொழும்பு மருதானையில் திறந்த டவர் மண்டபத்தில் சிங்கள நூர்த்தி நாடகங்கள், காட்சி எழுதிய திரைகளோடுதான் நடந்தன. தமிழ்நாட்டு நாடகக் கம்பெனிகளுக்குச் சீன் எழுதிய கொண்டைய ராஜு பிறகு கோவில்பட்டியில் தங்கிக் காலண்டர் ஓவியரானார். மேடையில் தூரத்து மலையை எழுதிப் பழகிய கை, காலண்டர் முருகனுக்குப் பின்னாலும் அதே மங்கல் நீல மலையை வைத்தது. எங்கள் காம்பராச் சுவரில் முருகன் படக் காலண்டர் எப்போதும் தொங்கும். முருகனைக் கும்பிட்டுவிட்டு அந்த மலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மலையே வேண்டாம் என்று முடிவுசெய்வதும் ஒரு விதானிப்புத்தான். மாசி மாதத்தில் நம் தோட்டங்களில் காமன் கம்பம் ஊன்றினால் அந்த மண்ணே அரங்கு. சீலைத்துணி மலை எதுவும் அதற்குத் தேவைப்பட்டதில்லை. சரச்சந்திரவின் ‘மனமே’ என்ற சிங்கள நாடகம் 1956இல், எழுதிய திரைகளை விட்டுவிட்டு ஆட்டத்தாலும் பாட்டாலுமே காட்டை எழுப்பியது. தெரிந்துகொண்டு கைவிடுவது அழகு. தெரியாமல் மறைத்துவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

இன்றைக்குப் பல பாடசாலைகளில் நடப்பது அப்படித்தான். நாடகத்துக்கு முதல்நாள் ஒரு பிளெக்ஸ் அச்சடித்து வந்துவிடுகிறது. எங்கோ ஒரு நாட்டுக் கோட்டை, எங்கோ ஒரு பனிமலை. விளக்குப் போட்டால் பளபளக்கிறது. பிள்ளைகளின் நிழல் ஆகாயத்தில் விழுகிறது. ஏழு மலையும் ஒரே பிளாஸ்டிக் விரிப்பில் ஒட்டிக் கிடப்பதால் இடையில் புகுந்து நடக்க ராஜகுமாரனுக்கு வழியில்லை. மறுநாள் அது விறகுக் கொட்டிலுக்குக் கூரையாகிறது. ஒரு பிள்ளையின் விரலும் அதில் பட்டதில்லை. மாதிரியுரு வசதி படைத்த அரங்குகளின் வேலை, நமக்கு எதற்கு என்று ஆசிரியர்கள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் நேர்மாறாகச் சொல்வேன். காசிருப்பவர் பிழையாகக் கட்டி, பிரித்து, மறுபடியும் கட்டலாம். நம்மால் ஒருமுறைதான் கட்ட முடியும். அளந்து பார்க்கும் வேலை நமக்குத்தான் அதிகம் தேவை. பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: மட்டை கோணலாக வெட்டுப்பட்டாலும் கத்தரிக்கோலைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்காதீர்கள்.

நாடகம் முடிந்ததும் பெட்டியை எறிந்துவிடாதே, மகளே. மவுசாகலை அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது உனக்குத் தெரியும். வறட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயிலின் கல் மேலே தெரியும். அந்தப் பழைய நகரத்தின் கடைவீதியில் நடந்தவர்கள் சிலர் உன் தோட்டத்திலேயே இருக்கக்கூடும். அவர்களிடம் போய்க் கேள். எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை, கோயிலிலிருந்து பள்ளிவாசலுக்கு எத்தனை எட்டு என்று எழுதிக்கொள். இன்னும் கட்டாத மேடைக்குச் சப்பாத்துப் பெட்டியில் இடம் உண்டென்றால், மூழ்கிப்போன ஊருக்கும் அதில் இடம் உண்டு. அளவை மட்டும் இன்னும் குறைத்துக்கொள்.

அதற்கு முன் ஒரு வேலை. நாளைக் காலை, பனி ஏறுமுன், பாடசாலை வாசலில் நின்று மலைகளை எண்ணிப் பார். எங்கள் லயத்து வாசலிலிருந்து எனக்கு ஐந்து வரை தெரிந்தது. உனக்கு எத்தனை என்று எழுது.